ஏழாம் பெட்டி சொன்ன பொய்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனையில் பன்னிரண்டு பெட்டிகளையும் மாட்டி இன்றோடு ஒரு மாதம். சோப்புப்பெட்டி அளவுதான். உள்ளே கரியமில வாயுவை அளக்கும் மலிவான சென்சார். மின்சுற்றுப் பலகை நானே உட்கார்ந்து பற்றவைத்தது. அறையில் இருக்கும் கூட்டத்துக்குப் புதுக்காற்று போதாவிட்டால் எண் ஏறும். எழுநூறுக்குள் என்றால் நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திற. அவ்வளவுதான் சங்கதி.

"விளையாட்டுச் சாமான்" என்றார் பதக்கம். கல்லூரியில் அரை மதிப்பெண்ணில் என்னை முந்தித் தங்கப்பதக்கம் வாங்கியவர். இன்று எனக்குத் தலைமைப் பொறியாளர். அந்த அரை மதிப்பெண்ணை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

அறிக்கை கொடுத்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் மேலட்டையில் என் பெயர் வந்த முதல் அறிக்கை. மருந்து வாங்கும் இடம் மோசம். ஆவண அறை மோசம். இருப்பதிலேயே நல்ல காற்று அவசரப் பிரிவின் கண்காணிப்பு அறையில்: ஏழாம் பெட்டி, சராசரி 640.

பதக்கம் கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு திருத்தம்கூடப் போடாமல் மேலே அனுப்பினார். அதுவே எனக்கு விருந்து.

மார்ச் 11

கண்காணிப்பு அறைக்கு ஒதுக்கியிருந்த இரண்டு காற்றுவெளியேற்றி விசிறிகளை, என் அறிக்கையை வைத்தே, ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு மரியாதையா!

மார்ச் 14, வெள்ளி

தங்கை அந்தக் கண்காணிப்பு அறையில்தான் செவிலியர். வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சண்டை.

"எங்களுக்கு வரவேண்டிய ஃபேனை நீதான் தட்டிவிட்டியாமே. அங்க காத்து நல்லாருக்குன்னு எழுதின ஆளுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா?"

எண்ணைக் காட்டினேன். எண் பொய் சொல்லாது என்றேன்.

"எட்டுக் கட்டில்ல பதினாலு பேர் கிடக்கறாங்க. கூட இருக்கறவங்க வேற. ராத்திரி பகல்னு ஒரு நிமிஷம் காலியாகறதில்ல. ஜன்னலை ஆணி அடிச்சு மூடி வச்சிருக்கு. மூச்சுத் திணறி வர்றவங்களை அங்கதான் படுக்க வைக்கிறோம். ஒரு நாள் வந்து நின்னு பாருண்ணா."

பெட்டியை மாட்டிய அன்றைக்கு அப்புறம் நான் அங்கே போகவே இல்லை. எண்கள்தான் என் மேசைக்கே வந்துவிடுகின்றனவே, எதற்குப் போக?

படித்தவனுக்கே பாடம் எடுக்கிறாள் என்று கோபம். ஆனால் காலியாகாத அறை, ஆணி அடித்த ஜன்னல் — ஏதோ உறுத்துகிறது.

மார்ச் 15, சனி

போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தியது போல இருந்தது. மொட்டைமாடிக் காற்றில் வைத்துச் சரிபார்த்த ஒரு பெட்டியை ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏழு சொன்னது 655. புதியது சொன்னது 1,710.

போச்சு.

இந்த மலிவு சென்சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் எது மிகக் குறைந்த அளவோ, அதுவே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இரவில் காலியாகும் அறைகளில் அது சரிதான். மற்ற பதினொன்றும் அப்படிப்பட்டவை. காலியே ஆகாத அறையில் புழுக்கத்தையே தென்றல் என்று நம்பிவிடும். அங்கே அந்த வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். சென்சாரோடு வந்த கையேட்டில் நாலே வரி. படித்தவன் நான். நிறுத்தாமல் விட்டவனும் நான்.

யார் தலையில் கட்டலாம் என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

மார்ச் 17

ஓசைப்படாமல் பெட்டியை மட்டும் திருத்திவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் விசிறி?

மார்ச் 20, வியாழன்

புது அறிக்கை. முதல் பக்கத்தின் தலைப்பு: என் பிழை. கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை வாசித்தேன். குரல் நடுங்கவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்.

பதக்கம் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் நிறுத்தி, கல்லூரிக்குப் பிறகு முதல் தடவையாக 'டா' போட்டார்.

"ஃபேனை இன்னைக்கே திருப்பிடலாம்டா. ஆனா அந்த முதல் பக்கத்தை எடுத்துரு. அது இருந்தா நாளைக்கு ஒருத்தனும் உன் பெட்டியை நம்பமாட்டான்."

என் நல்லதுக்குத்தான் சொன்னார் போலிருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"இருக்கட்டும் சார். அது இல்லேன்னாத்தான் நம்பக்கூடாது."

'சார்' என்பதை அழுத்தியே சொன்னேன். முதல் பக்கத்தோடே, நின்றவாக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

விசிறிகள் ஓடுகின்றன. ஆணியையும் பிடுங்கியாயிற்று. திருத்திய ஏழாம் பெட்டி: 830. 'நல்லது' என்று எழுதவில்லை, 'பரவாயில்லை' என்று எழுதினேன்.

வாரம் ஒருமுறை பன்னிரண்டு அறையிலும் போய் நிற்கிறேன் இப்போது. "அதிகாரி வந்துட்டார், எல்லாரும் நல்லா மூச்சு விட்டுக் காட்டுங்க" என்றாள் தங்கை. மூன்றாம் கட்டில்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு இருமவில்லை. கவனித்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வேறு மூன்று மருத்துவமனைகளிலிருந்து அறிக்கை கேட்டிருக்கிறார்கள். முழுதும் வேண்டாமாம், முதல் பக்கம் மட்டும் போதுமாம். அவர்களிடமும் காலியாகாத அறைகள் இருக்கின்றன.

பதக்கமே நின்று நகலெடுத்து அனுப்பினாராம். என் பெயர் இருந்த இடத்தில் மை சரியாக விழவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னாராம். எழுத்தர் சொன்னார்.

நன்றி சொல்லலாம் என்று அவர் அறை வரைக்கும் போனேன். ஆள் இல்லை. நல்லவேளை. நாளைக்கும் போவேன்.