மடித்த செய்தித்தாளும் ஐந்து மணி நேரச் சம்மதமும்

நேற்று சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்தேன். மேல்தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உரித்தெடுத்தால், பருப்பு டப்பாவின் துரு ஒரு தலைப்பைப் பாதி தின்றிருந்தது. ‘தாம்பரத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு’ என்பது வரை தெரிந்தது. மிச்சம் துருவுக்குள். நீ பார்த்திருந்தால் அந்த நிமிடமே குடங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாய். தனியாக நின்று சிரித்தேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வேறு ஆள் கிடைக்காததால் உனக்கே எழுதுகிறேன்.

உனக்குத் தலைப்பு போதும். குரோம்பேட்டையிலிருந்து நாம் வேலை பார்த்த தாம்பரம் பள்ளிக்கு வரும் மின்சார ரயிலில், எதிரே இருப்பவர் கையிலுள்ள பேப்பரை ஓசியில் படித்துவிட்டு இறங்குவாய். அவர் மடித்துப் பிடித்திருந்தால், மடிப்பு வரைக்கும்தான் உனக்குச் செய்தி. ‘செம்பாக்கம் ஏரி உடைப்பு’ என்று பார்த்துவிட்டு வந்து, ஏழாம் வகுப்பு முழுவதையும் பைகளோடு மாடிக்கு ஏற்றினாய். மடிப்புக்குக் கீழே ‘வெறும் வதந்தி’ என்று இருந்தது. இன்னொரு முறை ‘சர்க்கரைத் தட்டுப்பாடு’. அந்த வருடம் உன் வீட்டு எறும்புகள் செழிப்பாக இருந்தன. அதற்குக் கீழே இருந்த சொல் ‘வராது’.

இவற்றைச் சொல்லி ஆசிரியர் அறையில் எல்லோரும் உன்னைக் கேலி செய்வோம். அந்த வியாழக்கிழமையை மட்டும் நாம் இருவரும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. நீ இரண்டு வருடமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். அப்பா இல்லாத வீடு. உன் சம்பளத்தில்தான் நீயும் அம்மாவும் இருந்தீர்கள். பாளையங்கோட்டைச் சித்தப்பா ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். கெட்டவர் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த ஒரு மணி நேரமும், முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்பதை மட்டுமே விளக்கினார். கிளம்பும்போது, “நம்ம வீட்ல பேப்பர் வாங்கற வழக்கமில்ல. கண்ணுக்குக் கெடுதல்” என்றார். நீ சித்தப்பாவுக்குப் பதில் எழுதாமல் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தாய்.

அன்று காலை வெளுத்த முகத்தோடு வந்து என் கையைப் பிடித்தாய்.

“போச்சுடி. பேப்பர்லயே போட்டுட்டான். ‘தற்காலிக ஆசிரியர்கள் பணிநீக்கம்’னு கொட்டை எழுத்துல.”

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன்டி. வரும்போது ஹெச்.எம். வேற என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவங்க எப்பவாவது சிரிச்சுப் பார்த்திருக்கியா?”

அந்தச் சிரிப்புதான் என்னையும் நம்பவைத்தது. பேப்பர் தலைமையாசிரியை அறையில் இருந்தது. போய்க் கேட்டு வாங்கிப் பார்க்க நம் இருவருக்கும் தைரியமில்லை. மதிய இடைவேளையில் நான் பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். உலகமே தெரிந்துவிட்ட நினைப்பு. “வேலையும் இல்லாம அம்மாவை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவே? சரின்னு எழுதிப்போடு” என்றேன். நீ பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். இன்லண்ட் கடிதத்தை உன்னிடமிருந்து வாங்கி நானே எழுதினேன். ‘தாங்கள் சொன்ன வரனுக்குச் சம்மதம்’ என்ற வரிகூட என்னுடையதுதான். முகவரியும் எழுதி, ஒட்டி, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தபால் பெட்டியில் நானே போட்டேன். நீ கையெழுத்து மட்டும் போட்டாய்.

மாலையில் பள்ளி விட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். நீ அழவில்லை. மலைத்தோட்டத்தில் குளிர் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு முறை கேட்டாய். பத்திரிகைக் கடையில் பேப்பர் முழு நீளத்துக்குக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். மேல் வரி: ‘தற்காலிக ஆசிரியர்கள் பணிநீக்கம்’. கீழ் வரி: ‘இல்லை, அமைச்சர் உறுதி’.

நீ ஓட ஆரம்பித்துவிட்டாய்.

பெட்டி காலி. கடிதங்களை எடுத்துக்கொண்டு தபால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினோம். எட்டாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் ஐஸ் குச்சியைக் கையில் பிடித்தபடி நின்று நம்மைப் பார்த்தார்கள். நல்லவேளை, ரயில்வே கேட் மூடியிருந்தது. மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே அவர் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார்.

“அண்ணா, அதுல எங்க லெட்டர் ஒண்ணு இருக்கு. குடுத்துடுங்கண்ணா!”

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “இன்னாமா இது பேஜாரு! நடு ரோட்ல நின்னுகினு லெட்டர் கேக்குறீங்க? இது சர்க்கார் பையி. போஸ்ட் மாஸ்டராண்ட வந்து கேளுங்க.”

கேட் திறந்தது. நம் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நாம் இரண்டு பக்கமும் காவல் போல நடந்தோம்.

போஸ்ட் மாஸ்டர் மெலிந்த மனிதர். எதற்கும் பதறாதவர். ஒரு தாளை நீட்டி, “அனுப்பினவங்க திருப்பிக் கேக்கலாம். விண்ணப்பம் எழுதுங்க. கையெழுத்து ஒத்துப்போகணும்” என்றார். நீ எழுதினாய். அவர் கடிதத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது வேற கை.”

நான் முன்னால் வந்தேன். “நான்தான் சார் எழுதினேன்.”

“அப்ப அனுப்பினது யாரு?”

“நான்தான் சார்” என்றாய் நீ.

“லெட்டர் இவங்களது, எழுத்து உங்களது. இப்ப வேண்டாம்னு சொல்றது யாரு?”

“ரெண்டு பேரும்தான் சார்” என்றேன்.

முத்திரை குத்திக்கொண்டிருந்த ஆள் கையை நிறுத்தினார். ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள் ஸ்டாம்பை மறந்தார்கள். நீ தலையை நிமிர்த்தி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னாய்: “சார், அதுல கல்யாணத்துக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு. எனக்குச் சம்மதம் இல்ல. வேலை போயிடுச்சுன்னு நெனச்சு எழுதிட்டோம். போகல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைப்பதற்கென்று எனக்குத் தெரிந்தது. என்னையும் அதே முகவரியை எழுதச் சொன்னார். ஒப்பிட்டார். இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்லண்டை உன் பக்கம் தள்ளினார். “நம்ம பாஷையில ‘இல்ல’ங்கறது கடைசியிலதாம்மா வரும். கொஞ்சம் பொறுத்துப் படிங்க.”

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். உன் செருப்பு எங்கோ அறுந்திருந்தது. அதுவரை நீ கவனிக்கவே இல்லை. சிரித்தோம். வயிறு வலிக்கும்வரை, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் பிரசவ அறையில்தான் உணர்ந்தேன்.

சித்தப்பாவுக்கு மறுநாள் நீயே எழுதினாய். அவர் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பிறகு வந்தார், அல்வாவோடு. உன் வேலை நிரந்தரமானது. தாம்பரத்தில் பாதிப் பெண்களுக்கு நீதான் இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தாய். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நான் தலையிட்டதால்தான் உனக்கு அந்தப் பேச்சே கசந்துபோனதோ? இருபது வருடம் கழித்து, திருநீர்மலைப் படியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டே விட்டேன். சர்ச்சுக்குப் போகிற நீ, எனக்குத் துணையாக மலையேற வந்திருந்தாய்.

“அஞ்சு மணி நேரம் சம்மதிச்சுப் பார்த்தேன்டி” என்றாய். “எனக்கு ஒத்துக்கலன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. நீ எழுதலேன்னா, நானே என்னிக்காவது எழுதிப் போட்டிருப்பேன். அன்னிக்கு ரயில்வே கேட்டும் மூடியிருக்காது.”

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மிச்சப் படிகளை உன்னைவிட வேகமாக ஏறினேன்.

போன மாதம் என் மகள் தொலைபேசியில் அழுதாள். பெங்களூர் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, காரணங்களோடு. நான் எழுதிய அந்த இன்லண்ட் ஞாபகம் வந்தது. பதிலை விழுங்கிவிட்டு, “நீ சொல்லு, நான் கேட்டுட்டிருக்கேன்” என்றேன். ஒரு மணி நேரம் பேசினாள். நான் ‘உம்’ மட்டும் கொட்டினேன். நேற்று அவளே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. என்ன முடிவு செய்தாய் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் என்ன சமைத்தாய் என்று கேட்டேன். புளிக்குழம்பு என்றாள்.