சாம்ப்ளேன் பாலம் வரை ஓர் ஐரோப்பியப் பயணம்

புவாண்ட்-கிளேர், மாண்ட்ரியல்
நவம்பர், ஞாயிறு காலை

என் கண்ணு பிரியம்வதாவுக்கு அம்மா எழுதுவது. லைடனில் நீயும் மாப்பிள்ளை நிர்மலும் குழந்தை கயலும் சளி இருமல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் எங்கள் இருவரையும்விட நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அப்புறம் அவரே பேசி அவரே வைத்துவிடுகிறார். அதனால்தான் உன்னைக் காகிதத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் அவர் உன்னிடம், அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, மோட்டார் ஹோம் பயணம் ரத்து, ஜனவரியில் நேரே உங்கள் வீட்டுக்கே வந்து மூன்று மாதமும் இருந்துவிடுகிறோம் என்று சொன்னாராம். நீயும் சந்தோஷப்பட்டு, அப்படியானால் கயலைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து நிறுத்திவிடலாம் என்று நிர்மலிடம் பேசினாயாம். தயவு செய்து நிறுத்திவிடாதே. முழுக் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

இந்தப் பயண யோசனை உன் அப்பாவுக்கு வந்தது போன குளிர்காலத்தில், வாசல் பனியை மூன்றாவது முறை அள்ளி முடித்து உள்ளே வந்தபோது, பனி அள்ளும் வண்டி மறுபடியும் வந்து எல்லாவற்றையும் நம் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போன அன்று. அன்றிலிருந்து யூடியூபில் ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தம்பதி வீடு போன்ற வண்டியில் படுத்து எழுந்து சமைத்துக்கொண்டே ஸ்பெயினுக்குப் போவதைப் பார்க்க ஆரம்பித்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வண்டி எடுத்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலின் தென்கோடி வரை வெயிலைத் துரத்திக்கொண்டே போவது என்று திட்டம். சாதாரண லைசென்ஸில் மூன்றரை டன்னுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று எங்கேயோ படித்தார், அன்று மாலையே குளியலறை எடை மெஷின் சமையலறைக்கு வந்துவிட்டது. குக்கர், இட்லித் தட்டு, துவரம்பருப்பு எல்லாம் அதில் ஏறி இறங்கின. முருகன் படத்தின் கண்ணாடிச் சட்டம் கனம், லேமினேட் செய்துகொள்ளலாம் என்றார். கடைசியில் என்னையும் ஏறச் சொன்னார். ஏறினேன், அவர் கணினியில் குறித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். தன்னுடைய கருவிப்பெட்டியை மட்டும் எடை போடவில்லை, கேட்டால் அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாம். முப்பது வருஷம் விமானத்துக்குச் சக்கரக் கால் வடிவமைத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே. யார் யாருக்கு என்ன வேலை என்றும் பிரித்திருந்தார். ஓட்டுவது, வழி, எஞ்சின், பிரெஞ்சில் பேசுவது எல்லாம் மணிவாசகம். சமையல், படுக்கை, கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது அம்புஜம். பிரெஞ்சில் பேசுவது என்றதும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அவருடைய பிரெஞ்சு போன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும், நடுவில் எல்லாம் கைதான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வில்லரேயில் நம் மூத்தோர் வட்டம் மாதம் ஒருமுறை கூடுகிறது அல்லவா, அங்கே செப்டம்பரில் இவர் ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டார். திரையில் வரைபடம், அம்புக்குறி, எரிவாயு உருளை நாட்டுக்கு நாடு எப்படி மாறும் என்று ஒரு படம், எல்லாம் போட்டு முக்கால் மணி நேரம். கேட்டவர்கள் கேள்வியும் கேட்டார்கள். சர்மிளா அக்கா எழுந்து, "அதெல்லாம் சரி அண்ணை, குளிக்கிறது எங்கை?" என்றாள். உன் அப்பா தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைச் சொன்னார். "ஓம், அது விளங்குது, குளிக்கிறது எங்கை?" என்று மறுபடியும் கேட்டாள். முடிவில் தலைவர் மேடைக்கு வந்து, ஐரோப்பாவைச் சுற்றி வந்த சாதனையாளர் என்று சொல்லி இவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். இன்னும் போகவில்லை என்று நான் கீழே உட்கார்ந்து சைகை காட்டினேன், யாரும் பார்க்கவில்லை, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரமே பாரிஸில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மிளகாய்த்தூளும் வடகமும் பொட்டலம் பொட்டலமாக வர ஆரம்பித்தன. மூன்றரை டன் கணக்கு எங்கே போயிற்றோ, இவர் ஒன்றையும் மறுக்கவில்லை. பொன்னாடை போட்டுக்கொண்டவர் எப்படி மறுப்பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் வாரம் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று சென்ட் லோரன்ட்டில் ஒரு மோட்டார் ஹோமை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். மகோக் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கித் திரும்புவது என்று ஏற்பாடு. பக்கத்து வீட்டு அருளம்பலம், பல் டாக்டராக இருந்தாரே, அவரும் ஒரு தலையணையோடு வந்து பின்னால் ஏறிக்கொண்டார். உன் அப்பா ஏறி உட்கார்ந்து கண்ணாடிகளைச் சரி செய்தார், இறங்கி டயரைத் தட்டினார், மறுபடி ஏறினார். நெடுஞ்சாலை வரை சரியாகத்தான் போனார். சாம்ப்ளேன் பாலத்தில் ஏறினோம் பார், ஆற்றின் மேலிருந்து ஒரு காற்று வந்து வண்டியை விலாவில் பிடித்துத் தள்ளியது. பின்னால் அலமாரி திறந்து இட்லித் தட்டுகள் உருண்டன. உன் அப்பா வேகத்தைக் குறைத்தார், மேலும் குறைத்தார், கடைசியில் இரண்டு பாதைக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் லாரிகள் அலறுகின்றன. "மணி அண்ணை, பயப்பிடாதேங்கோ, மெல்லமாப் போங்கோ" என்கிறார் அருளம்பலம், இதைவிட மெல்லமாகப் போக வேண்டுமானால் நிற்கத்தான் வேண்டும். எப்படியோ அக்கரை சேர்ந்து, பிரோசாரில் முதல் வெளிவழியில் இறங்கி, ஒரு சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் ஐந்தாறு கார் நிற்கிற இடத்தை அடைத்துக் குறுக்கே நிறுத்தினார்.

எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை, கண்ணு. நான்தான் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். "அம்புஜம், வண்டி எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியல. ரெண்டு பக்கமும் தெரியல" என்றார். அத்தனை நாள் நான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவள்தான், அப்போது சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டு வண்டியை எடுத்துப்போகச் சொல்கிறேன் என்றார். நான், "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க" என்றேன். "உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல." "உங்களுக்கும்தான்" என்றேன். அவர் நகர்ந்துகொண்டார். அருளம்பலம் மட்டும், "அக்கா, நான் வேணுமெண்டால் இறங்கி பஸ்ஸிலை போறன், பாரம் குறையும்" என்றார். அவரை உட்காரச் சொன்னேன்.

உனக்கே தெரியும், உன் அப்பா வேலைக்குப் போன காலமெல்லாம் நண்பர் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டே போனவர். நான்தான் மருந்துக் கம்பெனி ஆய்வகத்துக்கு, விடியாத ஜனவரிக் காலைகளில், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு, உன்னைக் கார்தரி காப்பகத்தில் இறக்கிவிட்டு, வழுக்கும் சாலையில் தினமும் ஓட்டினேன். அது ஒரு பெரிய விஷயம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வண்டியில் உட்கார்ந்து, முதுகுக்கு அருளம்பலத்தின் தலையணையை வாங்கி வைத்து, மெதுவாக நகர்த்தினேன். பெரிய வண்டிதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கொஞ்ச தூரம் போனதும் காற்று எப்போது வரும், எவ்வளவு தள்ளும் என்று கைக்குப் பிடிபட்டுவிட்டது. இருபுறமும் மேப்பிள் மரமெல்லாம் சிவந்து கிடந்தது. எத்தனை உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிறோம் என்று எனக்கு ஒரே குஷி, வாய்விட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டேன். மகோக்கில் பின்பக்கமாக நிறுத்தும்போது அருளம்பலம் கீழே நின்று, "வாங்கோ, வாங்கோ, இன்னும் வாங்கோ" என்று கை காட்டினார், ஒரு மர மேசையில் இடித்த பிறகு "நில்லுங்கோ" என்றார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியில் ஒரு கீறல். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

அந்த இரவும் மறுநாள் திரும்பும்போதும் உன் அப்பா பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள்தான் என் முழங்கால் வலி பிறந்தது. முதலில் மூத்தோர் வட்டத் தலைவருக்குச் சொன்னார், அப்புறம் உனக்கு. நான் சமையலறையில் நின்று கேட்டேன், ரசம் பொங்கி வழிந்தது. சண்டை போட்டேன்தான். "இப்ப என்ன, அவங்களுக்கு ஏதாவது ஒரு காரணம் வேணும்ல" என்றார். அதோடு, கோயிலில் கொஞ்சம் மெதுவாக நட என்று வேண்டுகோள் வேறு. பாவம் பார்த்து நடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இடது கால், மறு வெள்ளிக்கிழமை மறந்துபோய் வலது கால். சர்மிளா அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அக்கா, வருத்தம் எந்தக் காலுக்கு?" என்று பிரகாரத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டாள். உன் அப்பா ரெண்டும்தான் என்றார். அவள் அருளம்பலத்தைப் பார்த்தாள். அவர், "எனக்கு ஒண்டும் தெரியாது, நான் பின்னுக்கு நல்ல நித்திரை" என்று சொல்லிவிட்டுப் பிரசாத வரிசைக்குப் போய்விட்டார். அதற்குள் வீட்டில் மூன்று வகைத் தைலம் சேர்ந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் அவர் இறங்கவில்லை. இந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. "எல்லார் முன்னாடியும் அவ்வளவு பேசிட்டேன் அம்புஜம். முடியலன்னு சொல்ல வாய் வரல" என்றார். "முடியலன்னு சொல்ல வேண்டாம், அம்புஜம் ஓட்டுறான்னு சொல்லுங்க போதும்" என்றேன். "சிரிப்பாங்க." "சிரிக்கட்டும், நாம போர்ச்சுகல்ல இருப்போம், காதுல விழாது" என்றேன். அவர் இறங்கிப் போய்ப் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்தார். நேற்று வில்லரேயில் கூட்டம். பயணம் ரத்து என்று முறையாக அறிவித்துவிட்டுப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஏற்பாடு. உன் அப்பா மேடை ஏறினார், மைக்கைத் தட்டினார், என்னைப் பார்த்தார். "பயணம் உண்டு. எனக்கு அந்த வண்டி ஓட்ட வரலை. என் மனைவி ஓட்டுவாங்க, நான் வழி சொல்வேன். அவங்க கால் ரெண்டும் நல்லா இருக்கு" என்றார். பின்வரிசையில் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள்தான். ஆனால் சர்மிளா அக்கா கை தட்ட ஆரம்பித்தாள், பெண்கள் பக்கம் முழுக்கத் தட்டியது. தலைவர் அவசரமாக ஒரு பொன்னாடையைத் தேடி எனக்குப் போர்த்த வந்தார், போய்விட்டு வந்தபிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பா பேசிக்கொண்டே வந்தார், ஒரு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது போலிருக்கிறது. கழிவறைப் பெட்டி இனிமேல் அவர் பொறுப்பு என்று அவரே சொன்னார், நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

ஆகையால் கண்ணு, கயல் காப்பகத்தில் தொடரட்டும். நாங்கள் ஜனவரியில் வந்து பத்து நாள் உங்களோடு இருப்போம், குழந்தையைக் கொஞ்சுவோம், உனக்குப் பிடித்த வத்தக்குழம்பை வைத்துக் குளிர்பெட்டி நிறைய அடுக்கிவிட்டு, தெற்கே கிளம்பிவிடுவோம். இங்கே என் தோழிகள் எல்லாரும் வருஷத்தில் ஆறு மாதம் பிள்ளைகள் வீட்டில் பேரக்குழந்தை பார்க்கிறார்கள், அதைத் தப்பென்று சொல்லவில்லை. உனக்கு உடம்புக்கு முடியாவிட்டாலோ வேறு அவசரம் என்றாலோ எந்த ஊரில் இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். சும்மா இருக்கிற மூன்று மாதத்தை மட்டும் எனக்குக் கொடு. உனக்கு முகம் வாடும் என்று தெரியும், வாடட்டும், பிப்ரவரி விடுமுறையில் நீங்கள் மூவரும் போர்ச்சுகலுக்கு வாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு சின்னப் படுக்கை இருக்கிறது, கயல் அதைவிட்டு இறங்கமாட்டாள். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, நிர்மலை சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொள்ளச் சொல்.

எல்லா நலனும் உங்களுக்குக் கூடி வரட்டும். கயலுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வண்டி எடுக்கும் இடத்துக்கு நிர்மல்தானே எங்களோடு வருவார், அங்கிருக்கிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொல். சாவியை உன் அப்பா கையில் கொடுக்கட்டும். அவர் வாங்கி எனக்குத் தருவார்.

உன் அன்பு அம்மா,
அம்புஜம் மணிவாசகம்