நீ போடாத ஸ்லைடு

இன்று காலைப் பேப்பரில் நீ வந்திருந்தாய். ஆறாம் பக்கம், கீழ் மூலை, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஒரத்தநாட்டில் நீ மேனேஜராக இருந்த தியேட்டருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளம்பரம் வந்ததும் அதே மூலையில்தான். இப்போது அந்தப் பக்கத்தில் தியேட்டர் விளம்பரமே கிடையாது. பேப்பரும் மெலிந்துவிட்டது. "யாரு மாமா பேப்பர் பாக்குறா? அப்பா ஆசப்படுவாருன்னு குடுத்தேன்," என்றான் உன் மகன்.

இருபது வருஷம் உன்னோடு நான் பேசவில்லை. காரணம் ஒரு ஸ்லைடு. படம் பார்ப்பவரை அவசரமாகக் கூப்பிட, கரி பிடித்த கண்ணாடியில் பெயரைக் கீறித் திரையில் காட்டுவீர்களே, அது. அப்பா இறந்த அன்று நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். மச்சான் சைக்கிள் மிதித்து வந்து உன்னிடம் சொன்னான். நீ என் பெயரை எழுதினாய், போடவில்லை. படம் முடிந்து வந்தவனைக் கேட்டில் நின்று தோளைப் பிடித்து நிறுத்தினாய்.

"உசுரு போயிடுச்சுன்னாங்க மாப்ள. நீ உள்ள விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல."

"அத முடிவு பண்ண நீ யார்றா?" என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகும் படத்துக்கு வந்தேன். வேறு எங்கே போவது? உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். நீயும் விடாமல் துண்டு போட்டு எனக்கு ஓரத்து சீட்டைப் பிடித்து வைத்திருப்பாய். தியேட்டர் கல்யாண மண்டபமானதும் அதுவும் போயிற்று. பேசாமல் இருக்கவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

போன வருஷம் மகள் என்னைத் தஞ்சாவூரில் புதுத் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். போனை சைலண்ட்டில் போடச் சொன்னாள். சிரிப்புப் படம். வெளியே வந்து பார்த்தால் ஒன்பது மிஸ்டு கால், எல்லாம் உன் மகன். கூப்பிட்டேன்.

"ஆஸ்பத்திரியில உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு மாமா. இப்பதான் பத்து நிமிஷம் ஆச்சு."

நீ ஸ்லைடு போடாதபோது அப்பா போய்விட்டிருந்தார். தஞ்சாவூரில் நான் சிரித்துக்கொண்டிருந்தபோது நீ உயிரோடு இருந்தாய். வெட்கமாக இருக்கிறதடா.

இப்போது தியேட்டரில் நான் போனை சைலண்ட்டில் போடுவதில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். இடைவேளையில் மகள் பாப்கார்ன் வாங்கப் போவாள். நான் எழுந்திருக்க மாட்டேன். திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடும், பள்ளிக்கூட விளம்பரம் ஓடும். என் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.