அசல் படங்கள்

முகத்துவாரக்குப்பம்,
6.1.2026

அன்புள்ள டெபோரா,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கழிமுகத்தில் எண்ணெய் கசிந்தபோது நான் எடுத்து, குப்பத்து இணையதளத்தில் ஏற்றிய அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் மங்கிவிட்டன. தளம் திறக்க நேரமாகிறதே என்று, நீ செய்துகொடுத்த 'எல்லாப் படங்களையும் சுருக்கு' பொத்தானை நேற்று அழுத்தினேன். இப்போது முகம் தெரியவில்லை, படகு எண் தெரியவில்லை, எடுத்த தேதியும் படத்தோடு இல்லை. போனில் இடமில்லாமல் அங்கேயும் அழித்துவிட்டேன். இருபதாம் தேதி நஷ்டஈட்டு விசாரணை. அசலை எப்படியாவது மீட்டுத் தா.

உன் ஜெயக்கொடி

பெங்களூரு,
8.1.2026

அன்புள்ள கொடி,

இரண்டு நாளாகத் தேடிவிட்டேன். அசல் எங்கேயும் இல்லை. பொத்தானுக்குக் கீழே 'அசல் படங்கள் மாற்றப்படும்' என்று எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா?

டெபோரா

9.1.2026

டெபோரா,

படித்தேன். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. 'மாற்றப்படும்' என்றால் சின்னதாக மாறும் என்று நினைத்தேன். 'அழிந்துபோகும்' என்று எழுத உனக்கு என்ன தடை? நேற்று குப்பத்துக் கூட்டத்தில் தலைவர் ரகுபதி அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாம்மா, ஒன்ன நம்பித்தான தளத்த குட்த்தோம். ஒரு வார்த்த கேட்டுக்கினு அயிக்கணும்னு ஒன் தோஸ்துக்குத் தெரியாதா?" உன்னிடம் பதில் இருக்கிறதா?

ஜெயக்கொடி

13.1.2026

அன்புள்ள கொடி,

இருக்கிறது. முதலில் 'நிச்சயமா?' என்று கேட்கும்படிதான் செய்திருந்தேன். சோதித்துப் பார்த்தவர்கள் தொந்தரவு என்றார்கள், எடுத்துவிட்டேன். தளத்தை நடத்தும் உன்னைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. படங்கள் எப்படிக் கெட்டன என்று கையெழுத்திட்டு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், விசாரணையில் கொடு.

திரையையும் புதிதாகச் செய்துவிட்டேன். அசல் எப்போதும் தனியாக இருக்கும். முதலில் ஒரே ஒரு படத்தைச் சுருக்கி, பழையதையும் புதியதையும் அருகருகே காட்டும். நீ சரி என்றால்தான் மற்றவை. திரும்பக் கொண்டுவரவும் வழி உண்டு. பார்த்துச் சொல்வாயா? விசாரணை முடிந்து வரும் ஞாயிறன்று வந்து அண்ணனிடம் நானே பேசுகிறேன்.

டெபோரா

21.1.2026

டெபோரா,

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். படங்களை ஏற்கவில்லை. படகுப் பதிவு வைத்திருப்பவர்களின் பெயர்கள் நஷ்டஈட்டுப் பட்டியலில் நிற்கின்றன. கையால் தடவி இறால் பிடிக்கும் பதினேழு பெண்களுக்குப் படம் ஒன்றுதான் சாட்சி. அவர்களை நீக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான புஷ்பவல்லி அக்கா கேட்டாள்: "அப்போ நான் தண்ணியிலயே எறங்கலன்றாங்களா?"

மேல்முறையீட்டுக்கு ஒவ்வொருத்தியிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

புதுத் திரையைப் பார்த்தேன். தெளிவாக இருக்கிறது. அசலை நீக்கும் இடத்தில் 'அழிந்துவிடும்' என்ற சொல் பெரிதாக, சிவப்பில் நிற்கிறது. இனி ஒருவரும் ஏமாற மாட்டார்கள். தளத்தை இனிமேல் உனக்குப் பதில் கத்திவாக்கத்து மதி பார்த்துக்கொள்வாள், கடவுச்சொல்லை அவளுக்கு அனுப்பிவிடு.

ஞாயிறன்று வராதே. அக்கா வீட்டு வழியாக உன்னை அழைத்துக்கொண்டு நடக்க இப்போது என்னால் முடியாது.

ஜெயக்கொடி