எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா

மார்ச் 3, செவ்வாய்

டிரைவரம்மா இன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் திறந்தபடி சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. படக்கதை. நீச்சல் குளத்து ஓரத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். ஒருத்திக்குத் தண்ணீர் என்றால் பயம், இன்னொருத்தி தண்ணீரிலேயே பிறந்தவள். கை படுகிறது. பட்டதும் பக்கம் முழுக்க ரோஸ் நிறத்தில் சோப்பு நுரை பறக்கிறது.

"எதுக்கு அழற?" என்றேன்.

"கையப் புடிச்சிட்டாங்க" என்றாள்.

ஐம்பத்து நாலு வயது. இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எதிரே லாரி வந்தாலும் கண் இமைக்காதவள். பயிற்சிக்கு வரும் ஒரு பெண் பின் சீட்டில் மறந்துவிட்டுப் போன புத்தகமாம். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே என்றால், "முடிச்சிட்டுத் தரேன்னு சொல்லிட்டேன். ரெண்டாம் பாகமும் கொண்டு வரேன்னா" என்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

எழுத்து பொடியாக இருக்கிறது என்று நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். படங்களுக்குள் வட்டம் போட்டு அதற்குள் வசனத்தைத் திணித்தால் பொடியாகத்தான் இருக்கும். கண் சோதித்தேன். பவர் ஏறியிருக்கிறது. படிக்கிற கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது முகத்துக்கு. பில் போட்டேன்.

பில்தான் வினை. ஊழியர்களின் குடும்பத்துக்குப் பில் கிடையாது என்பது எங்கள் முதலாளியின் சட்டம். இவளுக்கும் தெரியும். கல்லாவில் பேசாமல் பணம் கட்டினாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"எனக்குப் பில் போட்ட."

"முதலாளி பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

"சரி. வீட்டு ஓனரம்மாகிட்ட நான் உன் ஒன்னுவிட்ட அக்கா. எங்க அண்ணன்கிட்ட உன்னோட வாடகையப் பங்கு போட்டுக்கற ஆளு. உன் கடையில கஸ்டமர். நாளைக்கு யாராவது கேட்டா மாத்திக்கீத்தி சொல்லிடப்போறேன், கொஞ்சம் பாடம் நடத்திடு."

சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடியையே போட்டுக்கொண்டு மூன்றாம் பாகத்தைத் திறந்தாள்.

மார்ச் 14, சனி

மூன்று பாகத்தையும் படித்தேன். திட்டுவதற்குத்தான் படித்தேன். படிக்காமல் திட்டினால் நியாயமில்லை பாருங்கள். யாரைப் "பாருங்கள்" என்கிறேன்?

இந்தப் புத்தகங்களில் யாருக்கும் சளி பிடிப்பதில்லை. எல்லாருக்கும் தனி அறை, அறைக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிய தோழி ஒருத்தி கட்டாயம் இருக்கிறாள். இவர்களுக்குப் புத்தி சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பே கிடையாது. அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பெண் நடுங்கிக்கொண்டே விஷயத்தைச் சொல்கிறாள். அம்மா திரும்பி, "எனக்கு எப்பவோ தெரியும் கண்ணு" என்று கட்டிக்கொள்கிறாள். எப்பவோ தெரியுமென்றால் எதற்குத் தாயே இத்தனை பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?

என் அம்மாவுக்கும் எப்பவோ தெரியும். அதனால்தான் சாகும்வரை கேட்கவே இல்லை.

எங்கள் கதையை எவனாவது வரைந்தால் விற்காது. முப்பது வயதில் இவளிடம் கார் ஓட்டப் பழகப் போனேன். பயிற்சிக் காரில் கற்றுத்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. என்னோடு வந்தவர்கள் எல்லாம் மூன்று மாதத்தில் முடித்துவிட்டுப் போனார்கள், நான் ஒன்பது மாதம் பழகினேன். இன்றுவரை லைசென்ஸ் இல்லை. நுரை எதுவும் பறக்கவில்லை. ஒருநாள் ரேடியேட்டர் சூடாகிப் புகை பறந்தது. இருவரும் ரோட்டோரம் நின்று சிரித்தோம், அவ்வளவுதான்.

பிறகு வீடு தேடல். "சொந்தக்காரங்கன்னா மட்டும்தான் சேந்து இருக்க விடுவேன்" என்றாள் கீழ்வீட்டு ஓனரம்மா. ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குடிவந்த அன்று, பழைய சாமான் கடையில் வாங்கிய மர ஃப்ரேம் ஒன்று பெட்டிமேல் இருந்தது. அழகான ஃப்ரேம். உள்ளே மீசையோடு யாரோ ஒரு பெரியவர். அவரை எடுத்துப் போட்டுவிட்டு வேறு படம் வைப்பதாக இருந்தேன். அதற்குள் ஓனரம்மா மாடியேறி வந்து "இவரு யாரு?" என்றாள். எனக்கு வாயில் வந்தது, "தாத்தா. எங்க ரெண்டு பேருக்கும் தாத்தா."

இருபத்தொரு வருடமாக ஹாலில் தொங்குகிறார். என் காது அவருடைய காது மாதிரியே இருக்கிறதாம். ஓனரம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அறைக்கு ஒன்றாக இரண்டு கட்டில் போட்டிருக்கிறோம். ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். இன்னொன்று அக்காவின் கட்டில், அதில் துணி காய்கிறது.

மார்ச் 20, வெள்ளி

அவள் அண்ணன் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன வருடம் அண்ணி போய்விட்டார், பெரிய வீட்டில் ஒற்றை ஆள். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் வயசாகுது. அங்க தனியாத்தானே கெடக்கற. இங்க வந்துடு. அடுத்த ஞாயித்துக்கெழம நானே வரேன், கூட்டிட்டுப் போறேன்."

இவள் "ம்" என்றாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் மடியில் இவளுடைய சட்டைகள். தனியாத்தானே. என்ன "ம்"? அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்?

மார்ச் 21, சனி

கேட்டேவிட்டேன்.

"தனியா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா அவரு திரும்பி உன்னத்தான் பார்ப்பாரு. நீ என்ன பண்ணுவ? தாத்தா கதைய எடுத்து விடுவ."

"அந்தப் புக்க படிச்சுப் படிச்சு நீ கெட்டுப் போயிட்ட."

"ஆமா, கெட்டுத்தான் போயிட்டேன். பதினஞ்சு வயசுப் பொண்ணு வாயத் தெறந்து சொல்லுது. உனக்கு அம்பத்தொன்னு."

"அது பேப்பருடி. அதுக்கு வாடகை வீடு தேட வேணாம், ஓனரம்மா மூஞ்சியில முழிக்க வேணாம்."

"இந்தத் தடவ நீதான் சொல்லணும். சொல்லலன்னா நான் அண்ணனோட போறேன்."

கத்தவில்லை. கத்தினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து உறையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருக்கிறாள். சும்மா தூசி தட்டத்தானாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள்?

மார்ச் 26, வியாழன்

கடையில் ஆளில்லாத நேரம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "நாங்க ரெண்டு பேரும்" என்பது வரை வருகிறது. அதற்குமேல் வண்டி நகரவில்லை. புத்தகத்தில் அந்தப் பெண் சொல்வதை அப்படியே சொல்லிப் பார்த்தேன், டப்பிங் படம் மாதிரி இருந்தது. அவளுக்கென்ன, பக்கத்தைத் திருப்பினால் அம்மா கட்டிக்கொள்வாள்.

போய்விடுவாளா? போய்விடுவாள். அவள் வெறும் வாய்ச்சவடால் விடுகிறவள் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள். மறக்காது.

இந்த வீட்டுக்கு முதல் தடவையாக வரும் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். டீ கொடுத்தேன். அறை வாசலில் இவள் பெட்டி, பூட்டு மாட்டியபடி. அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். விருந்தாளிக் குரல் கேட்டால் ஓனரம்மாவுக்குக் கீழே கால் தரிக்குமா? "மோட்டார் போட்டிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்தாள். மோட்டார் சுவிட்ச் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

"அண்ணனா? உக்காருங்க தம்பி. அப்ப இவரு உங்களுக்கும் தாத்தாதான்" என்று சுவரைக் காட்டினாள். "சின்னவளுக்கு அந்தக் காது அப்படியே வந்திருக்கு, பாருங்க. உங்களுக்கு வரல."

அண்ணன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். விடைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழ் பார்த்தார்.

"இவரு யாரு?" என்றார்.

டிரைவரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை நான் ஓட்டி எகிறிய வண்டியை அவள் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறாள். இன்று மிதிக்கவில்லை. மிதிக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"அது யாருன்னு எனக்கும் தெரியாதுங்க" என்றேன். "பழைய சாமான் கடையில ஃப்ரேம் நல்லா இருந்துச்சு, வாங்கினேன். நாங்க அக்கா தங்கச்சி இல்ல. வாடகைக்காக சேந்து இருக்கறவங்களும் இல்ல. இருபத்தொரு வருசமா புருஷன் பொண்டாட்டி எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் இருக்கோம். அவ தனியா இல்லீங்க. அவளை அனுப்ப எனக்கு இஷ்டமில்ல."

கண் சோதனைப் பலகையில் எழுத்து படிக்கிறவர்கள் மாதிரி சத்தமாக, ஒரே தாளத்தில் சொன்னேன். என் குரலா அது?

நுரை பறக்கவில்லை. யாரும் திரும்பி "எப்பவோ தெரியும்" என்று சொல்லவில்லை. முதலில் வாயைத் திறந்தது ஓனரம்மாதான்.

"அப்ப அந்தக் காது?"

"எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன். என்னை இப்படியா கோமாளியாக்கறது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மற்ற விஷயம் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

அண்ணன் உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டும்வரை அதையே பார்த்தார். பிறகு, "ரெண்டு கட்டில் இருக்கே" என்றார்.

"ஒன்னுல துணி காயுது" என்றாள் டிரைவரம்மா.

அவர் பையை எடுத்துக்கொண்டார். பெட்டியை எடுக்கவில்லை. படியிறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டார், கண்ணாடி கீழே விழுந்து காதில் மாட்டும் கம்பி ஒன்று ஒடிந்தது. நான் பின்னாலேயே போயிருந்தேன். பழக்கதோஷம், சரிசெய்து தரக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். ஒடிந்த இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மார்ச் 30, திங்கள்

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. வீடு போய்விடும்.

ஏப்ரல் 4, சனி

ஓனரம்மா வந்தாள். காலி பண்ணச் சொல்லத்தான் என்று நினைத்தோம். அவளும் அதற்குத்தான் வந்திருப்பாள். ஹால் நடுவில் நின்று படத்தையே பார்த்தாள்.

"எந்தப் பொய் வேணா சொல்லியிருக்கலாம். செத்தவர வெச்சா சொல்லுவீங்க?"

"அவரு செத்துட்டாரான்னே எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் டிரைவரம்மா. இவளுக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வதென்றே கிடையாது.

ஓனரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏறி, படத்தைக் கழற்றினாள். "உங்களுக்கு யாருமில்லன்னா நான் கொண்டு போறேன். பழகின மொகம்" என்று இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். படியிலிருந்து ஒரு குரல்: "சாயங்காலம் தண்ணி விடுவேன், புடிச்சு வெச்சுக்குங்க."

தண்ணீர் பிடிக்கச் சொன்னால் இருக்கச் சொன்னதாகத்தானே அர்த்தம்? டிரைவரம்மா அப்படித்தான் என்கிறாள். அவள் ரோஸ் நுரைக்காரி, அப்படித்தான் சொல்வாள். எனக்குக் கேட்டது வேறு. இருபத்தொரு வருடமாக "வெச்சுக்கோம்மா" என்றவள், இன்று "வெச்சுக்குங்க" என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கடைக்குக் கூரியரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. என் பெயருக்கு. உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றி, அண்ணனின் கண்ணாடி. ஒடிந்த கம்பி தனியாக. கடிதம் கிடிதம் எதுவும் இல்லை. நான்கு முறை தாளை உதறிப் பார்த்தேன்.

அவர் தெருவிலேயே இரண்டு கண்ணாடிக் கடை இருக்கிறதாம். டிரைவரம்மாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் போனிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

கம்பி மாற்றினேன். மூக்கில் உட்காரும் இடம் பச்சை பிடித்திருந்தது, அதையும் மாற்றினேன். துடைத்தேன், மறுபடி துடைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருது இது? பில் போட்டாச்சா?"

"குடும்பத்துக்குப் பில் கிடையாதே சார்."

"உங்களுக்கு ஏதும்மா குடும்பம்?" என்றார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

சொன்னேன். இந்தத் தடவை நாலே வார்த்தையில் முடிந்தது. அவர் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார், மாட்டினார். பிறகு, "அப்ப போன மாசம் அந்தம்மாவுக்கு எதுக்குப் பில் போட்டீங்க?" என்றார்.

அவரே கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நீட்டினால் டிரைவரம்மா வாங்கமாட்டேன் என்கிறாள். அதில் நாலாம் பாகம் வாங்க வேண்டுமாம். பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் இரவல் கேட்கக் கூடாதாம். நானே புத்தகக் கடைக்குப் போய், பெயரைச் சொல்லிக் கேட்டு, எல்லார் முன்னாலும் வாங்கி வர வேண்டுமாம்.

நாளைக்குப் போகிறேன்.