கறுப்புக் காருக்கு ஒரு வடம்

அன்புள்ள அத்தான்,

உங்கள் ஆண்டுத்திவசமும் முடிந்துவிட்டது. இவ்வளவு காலமும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள்தான் பேசினேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஆரணிக்குக் கல்யாணம். அப்பாவின் காரில்தான் மண்டபத்துக்கு வருவேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தக் காருக்கு இப்போது பிரேக் இல்லை.

எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் அந்தக் காரில் ஏறியே மணமேடைக்குப் போயிருப்பார்கள். நீண்ட கறுப்பு உடம்பு, பின்பக்கம் மீன்செட்டை, கியர்த் தடிக்குப் பதிலாகப் பொத்தான்கள். சோவியத் நாட்டில் மந்திரிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் என்றே செய்த சாய்க்கா என்ற கார். கையில் காசு இருந்தாலும் சாதாரண மனிதர் அதை வாங்க முடியாது. மொஸ்கோவில் நீங்கள் படித்த காலத்தில் தெருவின் நடுவே அதற்கென்று தனிப்பாதை இருந்தது. அது வந்தால் பொலிஸ்காரன் விசில் ஊதி உங்களை ஓரமாகத் தள்ளுவான். பனிக்குள் ஒதுங்கி நின்று, கண்ணாடிக்குள் தெரிந்த திரைச்சீலையை மட்டும் பார்த்தேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

வயதுபோன சாய்க்காவை அவர்கள் விற்கமாட்டார்களாம், உடைத்துவிடுவார்களாம். அதிகாரி இருந்த ஆசனத்தில் கண்டவனும் இருக்கக்கூடாதல்லவா? தப்பிய சிலவற்றைக் கல்யாணப் பதிவு மண்டபங்களுக்குக் கொடுத்தார்கள். அப்படித் தப்பி, கைமாறிக் கைமாறி, கடல் கடந்து இங்கே எற்றோபிக்கோவில் ஒரு ரஷ்யக் கிழவியின் கராஜுக்கு வந்து கிடந்ததைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். மெய்க்காவலர்களுக்காக நடுவில் வைத்த மடக்குக் கதிரைகளில், நீங்கள் அதைத் திருத்திக் கல்யாணங்களுக்கு ஓட்டத் தொடங்கிய பிறகு, எங்கள் தோழிப்பெண்கள் பூத்தட்டோடு இருந்தார்கள்.

தேர்தலில் நின்ற அந்தப் பெரிய மனிதர், பொங்கல் விழாவுக்கு இதில் வந்து இறங்க ஆசைப்பட்டது நினைவிருக்கிறதா? "உது உங்களைப்போல ஆக்களுக்கெண்டு செய்த கார்தான், ஐயா. அதாலதான் தரமாட்டன்" என்றீர்கள். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

உங்களுக்குப் பிறகு அக்கா கார்த் திறப்பைக் கொண்டுபோய் சுவாமி அறையில் உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டா. வருஷம் முடியும்வரை அந்தக் காரை ஒருவரும் தொடக்கூடாது என்று கட்டளை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிக்கரிங் வீட்டுக் கராஜைத் திறந்து, பொனற்றில் சந்தனப்பொட்டு வைத்து, பூ வைத்து, கும்பிட்டுவிட்டுப் பூட்டுவா. ஒருநாளும் ஸ்ராட் பண்ணவில்லை. அது மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேனே, வாய்ப்பாட்டைக் கும்பிட்டால் வராது, சொல்லிச் சொல்லித்தான் வரும் என்று. எங்கள் சனம் காரையும் அப்படிக் கும்பிடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

திவசம் முடிந்த கிழமை மெக்கானிக் ரஞ்சன் வந்து பார்த்தான். உங்களிடம் தொழில் பழகியவன்தான். பெடலை மிதித்தான், அது தரைவரை போய் அங்கேயே கிடந்தது. கீழே எண்ணெய் குளம்போல் நின்றது.

"பிரேக் றப்பர் எல்லாம் இறுகி வெடிச்சுப்போச்சு, மாஸ்டர். கைபிரேக்கும் பிடிக்குதில்லை, எஞ்சினும் மூச்சு விடுதில்லை."

"புது றப்பர் போடேலாதோ?"

"இந்தக் காருக்குக் கடையில போய் வாங்கேலுமோ? எங்கையாவது தேடி எடுப்பிக்கலாம், செய்விக்கலாம், ஆனா கலியாணத்துக்குள்ள ஏலாது. கண்ட றப்பரையும் கொழுவி, பிள்ளையை நாலுநூற்றியொண்டு ஹைவேயில கொண்டுபோகச் சொல்லுறியளோ?"

இதன் தம்பிமுறையான அடுத்த சாய்க்காவைச் செய்வதை நிறுத்தியபோது, சலுகைக்காரரின் வாகனம் இனி வேண்டாம் என்று வரைபடங்களையும் அச்சுகளையும்கூட அழித்தார்கள் என்று நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே வெறுத்து அழித்தார்கள். இங்கே நாங்கள் பூ வைத்து அழித்தோம்.

அக்கா பொனற்றில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றா. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆரணிக்கு நான்தான் சொன்னேன். வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பிடிப்போம் என்றேன்.

"நோ, மாமா. அப்பா எத்தினை பேற்ர பிள்ளையளை அதில கொண்டுபோய் இறக்கினவர்? ஐ ஆம் ஹிஸ் டோட்டர்."

"பிரேக் இல்லைப் பிள்ளை."

"தேருக்கு பிரேக் இருக்கோ, மாமா?"

இங்கே எங்கள் கோயில் தேர்த் திருவிழாவில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றித் தேர் வரும்போது, சில்லுக்குக் கட்டை போடுகிறவர்களின் பக்கத்தில் நின்று வளர்ந்த பிள்ளை. கட்டையைச் செருகித்தானே தேரை நிறுத்துகிறோம் என்று எனக்கே பாடம் எடுத்தாள். காரை இழுவை லொறியில் ஏற்றி மண்டபத்தின் கார் நிறுத்துமிடம்வரை கொண்டுவருவதாம். அங்கே வைத்து அவள் ஏறுவாளாம். பிறகு வடம் கட்டி, நாதஸ்வரமும் மேளமும் முன்னால் போக, சொந்தக்காரர் எல்லோரும் வாசல்வரை இழுப்பதாம்.

"ஸ்ரியரிங் ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"அம்மா."

அக்கா பதறிவிட்டா. "எனக்கு விசரே? நான் முன்னுக்கு வாறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் கயிறு இழுக்கட்டும். நீங்கள் நேரா மட்டும் பிடியுங்கோ."

அன்றிரவு அக்கா சோறு போட்டுச் சாப்பிட்டா, அத்தான். அதைக் கண்ட பிறகு நான் எப்படி மாட்டேன் என்று சொல்வது? தாய்மாமன் நான் தலையாட்டினால்தான் நடக்கும் என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

நேற்று யூனியன்வில் மண்டபத்துக்குப் போனேன். சரிவு இருக்கிறதா என்று கார் நிறுத்துமிடத்து நிலத்தில் ஒரு தேசிக்காயை வைத்துப் பார்த்தேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அது மெதுவாக உருண்டது. தெருவை நோக்கித்தான், அத்தான். பார்வைக்குத் தட்டையான இடம். இன்னொன்றை வைத்தேன், அதுவும் அங்கேதான் போனது. மண்டப முகாமையாளர் கதவடியில் நின்று, இந்த வயோதிபர் தேசிக்காயோடு என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே தெருப்பக்கத்திலிருந்து வாசலை நோக்கி, ஏற்றத்தில் இழுக்க வேண்டும். கயிறு நழுவினால், கை சளைத்தால், கார் பின்னோக்கி வரும். பின்னால் தெரு. தெருவில் பஸ் ஓடுகிறது. எவ்வளவு பாரமான வண்டி அது! உள்ளே பிள்ளை. முன்னாசனத்தில் என் அக்கா. ரஞ்சன் பக்கத்தில் இருப்பான்தான். ஆனால் பெடலை மிதித்தாலும் பிடிக்காத காரில் அவன் என்ன செய்வான்?

ரஞ்சனையும் கூட்டிப்போய் நல்ல கட்டைகள் அறுப்பித்தேன். சரிவான முகம், பிடிக்கக் கைப்பிடி. வீட்டு வாசலில் என் காரை வைத்து ஒத்திகையும் பார்த்தேன். ஒரு பின்சில்லுக்கு நான், மற்றச் சில்லுக்கு ரஞ்சனின் தம்பி. இளம் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் விலகி நில்லுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் விடவில்லை. தலையாட்டியவன்தானே கட்டையும் பிடிக்க வேண்டும்?

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "விசர் வேலை" என்பீர்களா? அல்லது மற்றவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவே போன கார், இனித் தன் ஊர்வலத்தில் எல்லோருடைய கையையும் பிடித்துப் போகட்டும் என்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆளில்லாததுதான் பெரிய தொல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கட்டை போடுகிறவன் தேரையும் பார்ப்பதில்லை, சுவாமியையும் பார்ப்பதில்லை. அவன் கண் சில்லிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேளம் தொடங்கியதிலிருந்து வாசலில் கார் நிற்கும்வரை நான் குனிந்தே நடப்பேன். கூறைச்சேலை மாற்றுவதற்கு முந்திய பட்டில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். சில்லை நான் பார்த்துக்கொள்கிறேன், அத்தான்.

பிள்ளையை நீங்கள் பாருங்கள்.

பின்சில்லடியில் நிற்கும்,
உங்கள் மச்சான்