வாரம் ஒரு ஊசி

விழுப்புரம்
14.7.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

செல்வி எழுதுவது. போனில் பேசினால் சண்டையில்தான் போய் முடிகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். இங்கே துர்கா அக்கா வீட்டில் எல்லோரும் நலம். நம் கடலை மண்டியில் மல்லாட்டை வரத்து எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

என் முழங்கால் தேய்மானம் கூடிவிட்டதாம். "உடம்பு குறைஞ்சாத்தாம்மா முட்டிக்கு விடிவு" என்று எலும்பு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் பசியை அடக்க வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். முதல் ஊசியை நேற்றுப் போட்டுக்கொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டிக்கு மேலே நம் வீட்டுக்குப் படியேற முடியாமல் இங்கே வந்து மூன்று வருடமாகிவிட்டதே.

உங்கள்
செல்வி

திண்டிவனம்
22.7.2025

அன்புச் செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. டீக்கடையில் விசாரித்தேன். "அந்த ஊசி எலும்பையே கரைச்சிடும்பா, பேஜாராப் பூடும்" என்கிறார்கள். வாயைக் கட்டினால் தீர்கிற விஷயத்துக்கு ஊசி எதற்கு? அன்றைக்கே சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே.

வறுத்த மல்லாட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அக்கா பிள்ளைகளுக்குக் கொடு. நீ தொடாதே.

சீனுவாசன்

விழுப்புரம்
30.12.2025

அன்புள்ள உங்களுக்கு,

முதல் மாதங்களில் குமட்டல் படுத்தி எடுத்தது. பிறகு ஒன்று நடந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் பாதி வடையை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து என் தலைக்குள் சாப்பாடு பேசிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போதே அடுத்த வேளையைக் கேட்கும். அந்தப் பேச்சு நின்றுவிட்டது. உங்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே இப்படித்தானா? இத்தனை அமைதியை உள்ளே வைத்துக்கொண்டா என்னை 'வாயைக் கட்டு' என்றீர்கள்?

எலும்பு கரையுமா என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். "கொழுப்போட கொஞ்சம் சதையும் குறையும். முட்டை, பருப்பு சாப்பிட்டுக்கினு காலுக்குப் பயிற்சி பண்ணுங்க. தேஞ்சது திரும்ப வளராது. பாரம் குறையுது, வலி குறையுது, அவ்ளோதான்."

அவருக்கு அவ்வளவுதான். நான் போன வெள்ளிக்கிழமை கோலியனூர் கோயிலில் தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். எழுந்து, என் கால்களையே குனிந்து பார்த்தபடி நின்றேன். சாமியைப் பார்க்க மறந்துபோனேன்.

உங்கள்
செல்வி

திண்டிவனம்
9.1.2026

அன்புச் செல்விக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து மண்டியில் எல்லோரும், "அண்ணியா இது?" என்றார்கள். அக்கா வீட்டில் இருந்தது போதும், வந்துவிடு. உன் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இனி உன்னை நாலு இடத்துக்குக் கூட்டிப் போக எனக்கும் கூச்சமிருக்காது.

சீனுவாசன்

விழுப்புரம்
2.2.2026

அன்புள்ள உங்களுக்கு,

வியாழக்கிழமை திண்டிவனம் வந்தேன். நீங்கள் கொள்முதலுக்குப் போயிருந்தீர்கள். பக்கத்துக் கடை வடிவிடம் சாவி வாங்கிக்கொண்டு படியேறினேன். நிதானமாக, கைப்பிடியைப் பிடித்தபடி. மேலே போய் நின்றபோது மூச்சு வாங்கியது, முட்டி வலிக்கவில்லை. கீழே தெருவும் பஸ்களும் தெரிந்தன. இந்த உடம்பா இங்கே வந்து நிற்கிறது என்று அழுகை வந்தது.

கதவைத் திறக்கக் கை போகவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தில் இருந்த 'கூச்சமிருக்காது' என்ற வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாக, படிதான் என்னைத் தடுக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஏறி நின்ற பிறகுதான் தெரிந்தது, அது படி இல்லை.

சாவியை வடிவிடமே கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செல்வி